டிசம்பர் லீவு, 20 மாதப் பையன்: சப்போரோவா, கேமரனா, கேஎல்லிலேயேவா?

செத்தாப்பாக் அம்மா:

வணக்கம் எல்லாருக்கும். டிசம்பர் கடைசியில் வீட்டுக்காரருக்கு நீளமான லீவு கிடைக்கிறது. பையனுக்கு அப்போது 20 மாதம். எங்கே போவது என்பதில் வீட்டில் மூன்று கட்சி.

அவருக்கு ஜப்பானில் இருக்கிற சப்போரோ. சின்ன வயதிலிருந்தே பனி பார்க்க ஆசையாம். பையனுக்கு இரண்டு வயது ஆவதற்குள் போனால் மடியில் வைத்துக்கொள்ளலாம், கைக்குழந்தைக் கட்டணத்தோடு முடியும், அப்புறம் அவனுக்கும் தனி சீட்டு வாங்கணும் என்று கணக்குச் சொல்கிறார். மாமியாருக்கு இங்கே மலேசியாவிலேயே இருக்கிற கேமரன் மலை. அவர் பிறந்து வளர்ந்தது ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், பேரனுக்குக் காட்டணும் என்கிறார். எனக்கு எங்கேயும் போகாமல் கேஎல்லிலேயே (கோலாலம்பூர்) இருந்தால் நிம்மதி. ஆனால் இங்கே மதியம் தாண்டினால் மழை. வீட்டுக்குள் அடைத்து வைத்தால் சோபா மேல் ஏறுகிறான், ரிமோட்டைத் தூக்கி எறிகிறான்.

பையனைப் பற்றி: தூக்கினால் இறங்கணும், இறக்கினால் ஓடணும். பகல் பன்னிரண்டரைக்குத் தூக்கம். அது தவறினால் அன்று ராத்திரி வரை யாருக்கும் நிம்மதி இல்லை. கார் சீட்டில் முக்கால் மணி நேரம் தாங்குவான், அதற்கு மேல் ஒப்பாரிதான். இந்த வயதுப் பிள்ளையோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

மூணு பிள்ளை அப்பா (காஜாங்):

சப்போரோ போனால் நீங்கள் பனியைப் பார்ப்பீர்கள், அவன் ஏர்போர்ட் எஸ்கலேட்டரைப் பார்ப்பான். என் நடுவுள்ளதை லங்காவிக்குக் கூட்டிப் போனோம். கடலை விட்டுவிட்டு ஹோட்டல் லிப்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

கத்தரிப்பூ (பூச்சோங்):

நாங்கள் குளிர்காலத்தில் சப்போரோ போய் வந்தோம், மகளுக்கு இரண்டு வயது ஆவதற்குச் சற்று முன்னால். யாரையும் பயமுறுத்த எழுதவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

முதலில் பகல் நேரம். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காலையில் பிள்ளைக்கு உடுப்பு மாட்டிக் கிளம்பவே பத்து மணி. பன்னிரண்டரைக்குத் தூக்கம். எழுந்து சாப்பிட்டு வெளியே வந்தால் இருட்டத் தொடங்கியிருக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம், அதுவும் காலையில். இதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொண்டு போனால் சண்டை வராது.

உடுப்பு: ஒரே ஒரு தடிமனான ஜாக்கெட் மட்டும் போட்டால் வேலைக்கு ஆகாது. உள்ளே உடம்போடு ஒட்டிய மெல்லிய ஒன்று, அதன் மேல் பிளீஸ் (கம்பளி மாதிரி மெத்தென்ற சட்டை), அதற்கும் மேல் தண்ணீர் புகாத ஒன்று. கடைக்குள் நுழைந்தவுடன் மேலே இருப்பதைக் கழற்ற வேண்டும், ஏனென்றால் உள்ளே எல்லாம் ஹீட்டர். வேர்த்துப்போய் அதே ஈரத்தோடு வெளியே வந்தால்தான் பிள்ளைக்கு ரொம்பக் குளிரும். கையுறையை நாடாவால் கோத்து ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் முதல் நாளே ஒரு கையுறை தொலையும். ஸ்ட்ரோலர் பனியில் உருளாது. முன்னால் கட்டிக்கொள்ளும் பை இருந்தால், அப்பா தன் ஜாக்கெட்டுக்குள் பிள்ளையையும் சேர்த்து மூடிக்கொள்ளலாம்.

வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால் இது முக்கியம்: உப்பிய ஜாக்கெட்டோடு பிள்ளையைக் கார் சீட்டில் கட்டாதீர்கள். மோதினால் அந்த உப்பல் அமுங்கி பெல்ட் தளர்ந்துபோகும், பிள்ளை நழுவி வெளியே வந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கிய பிறகு மேலே போர்த்துங்கள்.

சரி, பனியைப் பார்த்து அவள் என்ன செய்தாள்? அழுதாள். மறுநாள் அள்ளி வாயில் போட்டாள். அவளுக்கு ரொம்பப் பிடித்தது சப்போரோ நிலையத்திலிருந்து ஓடோரி வரை போகும் நிலத்தடி நடைபாதை. அகலமாக, கதகதப்பாக, வண்டி வராமல் இருக்கும். ஓடிக்கொண்டே இருந்தாள், நாங்களும் பின்னாலேயே. விமானம் ஏறி அவ்வளவு தூரம் போய் ஒரு சுரங்கப் பாதையில் ஓடினோம் என்று அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

கிள்ளான்காரன்:

அதைத்தான் நானும் கேட்கிறேன். 20 மாதப் பிள்ளைக்கு எதுவும் நினைவில் நிற்கப்போவதில்லை. ஐந்தாறு வயதில் கூட்டிப் போனால் பனி மனிதன் செய்வான், சறுக்குவான், பள்ளியில் போய்ச் சொல்வான். இப்போது எதற்கு இவ்வளவு காசு?

கத்தரிப்பூ (பூச்சோங்):

அண்ணே, அந்தப் பயணம் அவளுக்காக இல்லை. எனக்காகவும் என் வீட்டுக்காரருக்காகவும் போனோம். அதை நாங்கள் வாய்விட்டே பேசிக்கொண்டோம். பிள்ளைக்காகப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் அங்கே போய், இவ்வளவு செலவு பண்ணியும் இவன் ரசிக்க மாட்டேன் என்கிறானே என்று பிள்ளை மேல் எரிந்து விழுவார்கள். செத்தாப்பாக் தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரருக்குப் பனி பார்க்கணும் என்றால் அது நியாயமான ஆசை. ஆனால் அது அவருடைய ஆசை என்று இரண்டு பேருக்கும் தெளிவாக இருக்கட்டும்.

நர்ஸ் அக்கா (செலாயாங்):

மழையைப் பற்றி. நனைவதால் மட்டும் சளி வராது, வைரஸால் வருகிறது. மழைக்குப் பயந்து எல்லாரும் மூடிய இடங்களில் போய்க் கூடுவதால்தான் ஒரு பிள்ளையின் மூக்கிலிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தாவுகிறது. அதனால் மழைக்கு மாற்று என்று நினைத்து நேராக உள்ளரங்க விளையாட்டுக் கூடத்துக்கு ஓடாதீர்கள், அதுவும் சனி ஞாயிறில்.

கை, கால், வாய்ப்புண் நோயைத் தாஸ்காவுக்கு (குழந்தைக் காப்பகம்) அனுப்புகிற எல்லாருக்கும் தெரியும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். பந்துக் குளம், பிளாஸ்டிக் சறுக்கு, ஒருவர் வாயில் வைத்ததை இன்னொருவர் எடுப்பது, இதெல்லாம் அதற்குத் தோதான இடம். பலர் சானிடைசரைப் பீய்ச்சிவிட்டுப் போதும் என்று இருக்கிறார்கள். இந்த வகை வைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். நாப்கின் மாற்றிய பிறகு உங்கள் கையையும், ஏனென்றால் காய்ச்சல் போன பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் கிருமி இருக்கும்.

வெளியே போனால் கொசு. டிங்கி பரப்பும் ஏடிஸ் விடிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான் அதிகம் கடிக்கும். நீளக் கால்சட்டை போடுங்கள். டீட் அல்லது பிக்காரிடின் உள்ள கொசு மருந்தை இந்த வயதில் பூசலாம், மணிக்கட்டுக்குக் கீழேயும் கண் பக்கத்திலும் வேண்டாம். லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் இயற்கை என்று வாங்குகிறார்கள், அது மூன்று வயதுக்குள் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் இரத்தம் பார்க்கணும். அதுவரை பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள், ஐபுப்ரோபென் வேண்டவே வேண்டாம்.

பட்டர்வொர்த் பெரியம்மா:

நனைந்தால் சளி பிடிக்காது என்கிறாய், சரிம்மா. ஈரத் தலையோடு ஏர்கானில் உட்கார வைத்தால் பிள்ளை நடுங்குகிறதே, அது என்னவாம்? என் பேத்திக்குத் தலை துவட்டாமல் விட்டால் எனக்கு மனசு கேட்காது.

நர்ஸ் அக்கா (செலாயாங்):

நடுக்கம் உண்மைதான் பெரியம்மா. சின்ன உடம்பு நம்மை விட வேகமாகச் சூட்டை இழக்கும். தலையைத் துவட்டி, காய்ந்த சட்டை மாற்றுங்கள் என்று நானும் சொல்வேன். அதற்காக மழைக்காலம் முழுக்கப் பிள்ளையை வெளியே விடாமல் இருக்க வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன்.

பட்டர்வொர்த் பெரியம்மா:

அப்படிச் சொல். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

நான் ஒன்று சொல்கிறேன். கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பட்டர்வொர்த். காரில் கட்டிப்போட்டால் அழுகிற பிள்ளை ரயிலில் அழாது, நடக்கலாம், ஜன்னல் பார்க்கலாம். இறங்கினால் பக்கத்திலேயே பெர்ரி. 2023-இல் புதுப் படகுகள் விட்டிருக்கிறார்கள். பினாங்குத் தீவில் ஜோர்ஜ்டவுன் போய்ச் சேருகிற அந்தக் கொஞ்ச நேரம் என் பேத்திக்குப் போதவில்லை, திரும்பவும் ஏறணும் என்று அடம். இன்னொன்று, எங்கள் பக்கம் மழை செப்டம்பர், அக்டோபரில்தான் கொட்டும். வருஷக் கடைசியில் குறைந்துவிடும். பினாங்குக் கொடிமலையில் ரயில் ஏறினால் மேலே நல்ல குளுமை, முருகன் கோயிலும் இருக்கிறது. பள்ளி லீவில் வரிசை நீளம், அதனால் காலையில் முதல் ரயில்களுக்கே போய்விடு.

ஷா ஆலம் வாசி:

சாயங்காலம்தான் மழை, காலையில் வெயில் என்று நம்பி எல்லாத் திட்டத்தையும் காலையில் வைக்கலாம், பெரும்பாலும் சரியாக வரும். காலை வெயிலில் தரை சூடாகி, மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு, மூன்று நாலு மணிக்கு இடியோடு கொட்டும். கேஎல் பக்கத்து மழை பெரும்பாலும் அந்த வகைதான். ஆனால் எப்போதும் இல்லை. 2021 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை சனிக்கிழமையும் விடவில்லை. எங்கள் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி நின்றார்கள். அதனால் வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா ஆப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தொடர் மழை எச்சரிக்கை இருந்தால் வீட்டிலேயே இருங்கள்.

விடிகாலை (கெப்போங்):

எனக்கு இரண்டு வயதில் ஒரு மகன். நான் ஷிப்ட் வேலை, அதனால் வார நாளில் காலையில் அவனோடு சுற்றுகிற ஆள் நான்தான். எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். எட்டு மணிக்குள் வீட்டை விட்டு வெளியே, பதினொன்றரைக்குள் வீட்டுக்குத் திரும்ப. சாப்பாடு, தூக்கம். அவன் எழும்போது வெளியே மழை பெய்தாலும் கவலை இல்லை, அன்றைக்கு ஓட வேண்டியதை ஓடிவிட்டான்.

ஒன்று, ஃப்ரிம். கெப்போங்கிலேயே இருக்கிற வன ஆராய்ச்சிக் கழகம். வெள்ளீயம் தோண்டியும் காய்கறி போட்டும் கெட்டுப்போன நிலத்தில் 1920-களில் மரம் நட்டு உருவாக்கிய காடு, 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் காப்பூர் மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொடாமல் நடுவே கோடு கோடாக வானம் தெரியும். மகனுக்கு அதெல்லாம் வேண்டாம். அவனுக்குச் சருகு, எறும்பு, முந்திய நாள் மழையில் தேங்கிய குட்டை. பூட்ஸ் மாட்டி விட்டால் ஒரே குட்டையில் அரை மணி நேரம் போகும். மழை பலமாகப் பெய்த மறுநாள் மட்டும் ஓடைப் பக்கம் இறக்க மாட்டேன், எலிக் காய்ச்சல் பயம்.

இரண்டு, தேசிய அருங்காட்சியகம். எம்ஆர்டி நகர ரயில் நிலையத்துக்கு அதன் பெயரையே வைத்திருக்கிறார்கள், கேஎல் சென்ட்ரலிலிருந்து நடைபாதையும் உண்டு. உள்ளே இருப்பதெல்லாம் இந்த வயதுக்கு ஒன்றும் இல்லை. வெளியே பழைய ரயில் என்ஜின் நிற்கிறது. அது போதும்.

மூன்று, எல்ஆர்டி, அதுவும் நகர ரயில்தான். எங்கேயும் போவதற்காக இல்லை, சும்மா. கெலானா ஜெயா தடத்தில் ஓட்டுநர் கிடையாது, 1998-இல் ஓடத் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். அதனால் முன் பெட்டியின் முன் ஜன்னல் நமக்கு. அவனைத் தூக்கிப் பிடித்தால் தண்டவாளம் நேராக அவனை நோக்கி ஓடி வரும். மஸ்ஜிட் ஜாமேக்கில் சுரங்கத்துக்குள் போய், அம்பாங் பார்க் தாண்டி வெளிச்சத்துக்கு வரும்போது என் மகன் ஒவ்வொரு தடவையும் கத்துவான். வேலைக்குப் போகிற கூட்டம் குறைந்த பிறகு, ஒன்பதரைக்கு மேல் ஏறுங்கள். மழை பெய்தாலும் இது நடக்கும், நீங்கள் கேட்டதற்கு இதுதான் நேரான பதில்.

பெர்டானா தாவரவியல் பூங்காவும் நல்ல இடம்தான், ஸ்ட்ரோலர் தள்ளலாம். பக்கத்திலேயே பறவைப் பூங்கா, நாரைகள் காலடியிலேயே நடக்கும். டிக்கெட் விலை கொஞ்சம் கூட, அதனால் தாத்தா பாட்டி வரும்போது மட்டும். கேஎல்சிசி பூங்காவில் பிள்ளைகள் இறங்கும் ஆழமில்லாத குளம் இலவசம், மாற்றுத் துணி இரண்டு செட் வேண்டும். பத்துமலை எங்களுக்குப் பக்கம்தான், ஆனால் 272 படியில் ஓடுகிற பிள்ளையையும் பால் புட்டி பிடுங்குகிற குரங்கையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. கீழே புறாவைத் துரத்தவிட்டு, சாமி கும்பிட்டு, இட்லி சாப்பிட்டு வந்துவிடுவோம்.

செத்தாப்பாக் அம்மா:

விடிகாலை அண்ணா, எல்ஆர்டியை யோசிக்கவே இல்லை. எங்களுக்கு வங்சா மாஜூ நிலையம் பக்கம்தான். பெரியம்மா, பெர்ரி என்றதும் எனக்கே ஆசை வந்துவிட்டது.

ஆனால் மாமியாருக்கு என்ன சொல்வது? அவர் கேட்பதும் நியாயம். அவர் இருந்த லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இன்னும் இருக்கிறதாம். முட்டி வலியும் அதிகமாகிக்கொண்டே போகிறது, இன்னும் எத்தனை வருஷம் மலை ஏற முடியும் என்று அவரே சொல்கிறார்.

மலைநாட்டான் (தானா ராத்தா):

கேமரன்காரன் பேசுகிறேன். வாங்க, ஆனால் டிசம்பரில் வேண்டாம்.

முதல் காரணம் கூட்டம். 2026-இலிருந்து பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குவதால் பெரிய லீவு டிசம்பரில் விழுகிறது. அந்த வாரங்களில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் வரை கார்கள் நகரவே நகராது. முக்கால் மணி நேரம் தாங்குகிற பிள்ளையை அதில் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? இரண்டாவது மண்சரிவு. மழை மாதங்களில் சாலை ஓரம் சரிவது எங்களுக்குப் பழக்கம், உங்களுக்கு இல்லை. இது கேமரன் கதை மட்டும் இல்லை. 2022 டிசம்பர் 16 அன்று கெந்திங் போகும் வழியில் பத்தாங் காலியில் முகாம் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்துபோனார்கள், அதில் பிள்ளைகளும் உண்டு. மழைக்காலத்தில் மலைச்சரிவு ஓரம் கூடாரம் போடும் எண்ணம் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள்.

பிப்ரவரியில் வாங்க, மழை குறையும். வார நாளில். தாப்பா வழியாக வந்தால் ரிங்லெட்தான் முதலில் வரும், உங்கள் மாமியாருக்கு அதுவே போதும், மேலே பிரிஞ்சாங் வரை ஏற வேண்டாம். ஆனால் அந்தப் பாதை பாம்பு மாதிரி. பிள்ளைக்கு வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டு ஏறாதீர்கள், கொஞ்சம் பிஸ்கட் போதும், தாப்பாவில் இறக்கி நடக்க விடுங்கள். வாந்தி மாத்திரை இரண்டு வயதுக்குள் டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. சிம்பாங் பூலாய் வழி வளைவு குறைவு, ஆனால் கேஎல்லிலிருந்து சுற்று, ரிங்லெட்டுக்கு இன்னும் சுற்று. ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும். பிளீஸும் தொப்பியும் சாக்ஸும் போதும், சப்போரோ மூட்டை வேண்டாம்.

கிள்ளான்காரன்:

பிள்ளை அழுதால் அம்மா மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டியதுதானே? நாங்கள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்.

நர்ஸ் அக்கா (செலாயாங்):

அண்ணே, கார் சீட் 2020 ஜனவரி 1 முதல் சட்டம். சட்டத்தை விடுங்கள், திடீர் பிரேக்கில் 11 கிலோவை எந்த அம்மாவின் கையாலும் பிடிக்க முடியாது. அழுதால் வண்டியை ஓரம் நிறுத்தி ஆறுதல் சொல்லிவிட்டு மறுபடி கட்டுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

சப்போரோக்காரர்:

நான்தான் அந்த வீட்டுக்காரர். மனைவி இந்த இழையை எனக்கு அனுப்பிவிட்டு ஒன்றும் பேசாமல் துணி மடிக்கிறார்.

கத்தரிப்பூ அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சரி, பனி என் ஆசைதான். டிக்கெட் மிச்சம் என்பது சாக்கு. எனக்கு ஒரே ஒரு கேள்வி: நான் மட்டும் நண்பர்களோடு நாலைந்து நாள் போய் வந்தால் தப்பா?

கத்தரிப்பூ (பூச்சோங்):

அதை இங்கே கேட்காதீர்கள் தம்பி. துணி மடிக்கிறவரிடம் கேளுங்கள். கேட்கும்போது, அவருக்கும் அதே நாலைந்து நாள் எப்போது என்று சேர்த்தே சொல்லுங்கள்.

செத்தாப்பாக் அம்மா:

கேட்டார், பேசினோம். ரிங்லெட் பிப்ரவரியில், வார நாளில், மாமியார் இப்போதே லயத்து அக்காமாருக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார். டிசம்பரில் இடிஎஸ் பிடித்து பினாங்கு, மூன்று ராத்திரி. மீதி நாள் காலை எட்டிலிருந்து பதினொன்றரை வரை கேஎல். சப்போரோ பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. பெரியம்மா, கொடிமலையில் ஏறும்போது பிள்ளைக்குக் காது அடைக்குமா?

பட்டர்வொர்த் பெரியம்மா:

அடைக்கும்மா, செங்குத்தாக ஏறுதில்ல. ஏறும்போதும் இறங்கும்போதும் தண்ணீரோ பாலோ உறிஞ்சக் கொடு, முழுங்க முழுங்க விட்டுவிடும். டிக்கெட்டை இப்போதே பார், இடிஎஸ் லீவு நேரத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும். பேரனுக்கும் ஒரு சீட் போடு, நாலு மணி நேரம் உன் மடி தாங்காது.

மூணு பிள்ளை அப்பா (காஜாங்):

முன் ஜன்னல் விஷயம் காஜாங் எம்ஆர்டிக்கும் பொருந்தும், அதற்கும் ஓட்டுநர் இல்லை. சனிக்கிழமை காலையில் மட்டும் வராதீர்கள். என் மூன்றும் அங்கேதான் நிற்கும், இடம் விடாது.